இதைச் சொன்னால் அது தெரிந்துவிடுமா?

புக்கிட் ரோத்தான் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரம் என்றாலே சண்டை நேரம். இருட்டோடு பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன பெண்கள், மங்குகளில் வழிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் சுமந்துகொண்டு வெயிலேறிய பிறகு ஸ்டோருக்கு வருவார்கள். ஒருநாள் தராசில் அம்மாவின் பால் 60 ராத்தல். பக்கத்து நிரையில் வெட்டிய அத்தையின் பாலும் 60 ராத்தல். கிராணி ஏட்டில் எழுதியது அம்மாவுக்கு 18, அத்தைக்கு 15.

"ஒரே எடைக்கு ரெண்டு கணக்கா?" என்று அத்தை கேட்டார்.

கிராணி பதில் சொல்லவில்லை. கண்ணாடிக் குழாய் போன்ற ஒன்றைப் பாலில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்று காட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அதன் பெயர் மெட்ரோலாக். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பால் அடர்த்தி குறைந்து இருக்கும். கருவி அதில் கூடுதலாக அமிழும். அமிழ்ந்த ஆழத்தைப் பார்த்து இந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடலாம். அம்மாவின் பாலில் 30 விழுக்காடு. அத்தையின் பாலில் 25. முந்தின இரவு தூறிய மழை அத்தையின் நிரையில் கொஞ்சம் கூடுதலாகத் தூறியிருக்கலாம். மரங்கள் வேறு ரகமாக இருந்திருக்கலாம். கூலி காய்ந்த ரப்பருக்கு. வாளியின் எடைக்கு அல்ல.

இப்போது கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். படிவம் 4 புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயமே சார்பு. அந்தப் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு அத்தையின் குரல்தான் கேட்கும். ஒரே எடைக்கு இரண்டு கணக்கா? பள்ளிக்கூடப் படியேறாத ஒருவர், சார்பின் இலக்கணத்தை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வரவேண்டும். இரண்டு வந்தால் அது சார்பு அல்ல. எடையிலிருந்து கணக்குக்குப் போகும் வழி சார்பு அல்ல என்று அத்தை கண்டுபிடித்தார். எடை, விழுக்காடு என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அதே வழி சார்பாகிவிடும் என்பதைக் கிராணி குழாயைக் காட்டிச் சொன்னார், வாயைத் திறக்காமல்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 72 ராத்தல் பாலில் 25 விழுக்காடு இருந்தாலும் கணக்கு 18தான். அம்மாவுக்கும் 18, 72 ராத்தல் கொண்டுவந்தவருக்கும் 18. இதில் யாரும் சண்டை போட மாட்டார்கள், போடவும் கூடாது. வெவ்வேறு இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர் இரண்டு இடத்துக்குப் போக முடியாது. சார்பு என்பதன் மொத்த இலக்கணமும் இவ்வளவுதான். ஆனால் வகுப்பில் பத்துப் பேரில் எத்தனை பேர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

தலைகீழாவதற்குச் சொற்களும் ஒரு காரணம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, சிலருக்கு இடையில் ஒரு புகுமுக வகுப்பு, பிறகு படிவம் 1. சார்பு முதன்முதலில் தலைகாட்டுவது படிவம் 2 கணிதத்தில், வரைபடமாக. முழுசாக வருவது படிவம் 4இல். அதாவது நம் பிள்ளைகள் யாருமே இந்தக் கருத்தைத் தமிழில் சந்திப்பதில்லை. ஹுபுங்ஙான், ஃபுங்சி, டொமேன், ஜுலாட், ஓப்ஜெக், இமேஜ் என்று மலாய்ச் சொற்கள் வரிசையாக வந்து இறங்கும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணிதத்தின் முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. எங்கள் பிள்ளைகளிடம் அந்தத் தலைப்பைச் சொன்னால் கணக்குப் புத்தகமா குடும்ப நாவலா என்று கேட்பார்கள்.

கேட்கட்டும். அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. கணிதத்தின் 'ஹுபுங்ஙான்' தமிழில் உறவு. வீட்டில் இருப்பதும் உறவு. உறவுமுறையைவிடச் சார்பைக் காட்டச் சிறந்த பாடம் வேறு எங்கே கிடைக்கும்? ஒருவர் பெயரைச் சொன்னால் அவரைப் பெற்ற தாய் யார் என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிடலாம், ஒருவர்தான். எனவே 'பெற்ற தாய்' ஒரு சார்பு. தாயைச் சொன்னால் பிள்ளை யார் என்று சொல்லிவிடலாமா? ஐந்து பேர் இருந்தால் எந்தப் பிள்ளையைச் சொல்வது? 'பிள்ளை' சார்பு அல்ல, வெறும் உறவு. தாய்மாமன்? சிலருக்கு மூன்று பேர், சிலருக்கு ஒருவர்கூட இல்லை. காதுகுத்துக்கு மடி தேடும்போதுதான் அந்தச் சிக்கல் தெரியும். கணிதமும் அதே சிக்கலைத்தான் சொல்கிறது: இரண்டு வந்தாலும் தவறு, ஒன்றும் வராவிட்டாலும் தவறு.

அத்தியாயத்தின் பின்பகுதியில் ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பை வைக்கும் பாடம் வரும். வரிசை மாறினால் விடை மாறும் என்று புத்தகம் சொல்லும். பிள்ளைகள் இரண்டையும் பெருக்கிவிட்டு விழிப்பார்கள். தாயின் தந்தை ஒருவர்; தந்தையின் தாய் இன்னொருவர். ஒருவர் தாத்தா, மற்றவர் பாட்டி. வரிசையை மாற்றினால் ஆள் மட்டுமல்ல, ஆணே பெண்ணாகிவிடுகிறார். இதைச் சொன்ன பிறகு அந்தக் கணக்கில் யாரும் தவறியதில்லை என்று எழுத ஆசைதான். தவறினார்கள், ஆனால் தவறியதும் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

இனி, எதைச் சார்பு என்று ஏற்றுக்கொள்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு படங்களையும் சமன்பாடுகளையும் கரும்பலகையில் போட்டு, சார்பு எது, அல்லாதது எது என்று பிரிக்கச் சொல்வேன். வட்டத்தின் சமன்பாட்டைச் சார்பு என்பார்கள், அதில் எக்ஸும் ஒய்யும் சமக்குறியும் ஒழுங்காக இருப்பதால். ஒய் = 4 என்பதைத் தள்ளிவிடுவார்கள், அதில் எக்ஸே இல்லை என்பதால். உடைந்து உடைந்து போகும் கோட்டைத் தள்ளுவார்கள். ஒரு சூத்திரத்துக்குப் பதில் மூன்று சூத்திரம் இருந்தால் 'மூன்று சார்பு' என்பார்கள். இரண்டு அம்புகள் ஒரே புள்ளியில் வந்து குத்தினால், பாவம், அதைத்தான் எல்லாரும் முதலில் தள்ளுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலர் வரையறையைக் கேட்டால் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

இது கோல சிலாங்கூர் நோய் இல்லை. டேவிட் டாலும் ஷ்லோமோ வின்னரும் 1981இல் எழுதிய ஒரு கட்டுரையில் கணித மாணவர் தலைக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று, மனப்பாடமான வரையறை. மற்றது, அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் படம். 1989இல் வின்னரும் டாமி ட்ரைஃபஸும் இஸ்ரேலில் கல்லூரி மாணவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் சோதித்துப் பார்த்தார்கள். வரையறையைச் சரியாக எழுதியவர்களில் பலர், அடுத்த கேள்வியில் ஒரு வரைபடம் சார்பா என்று முடிவுசெய்யும்போது அந்த வரையறையைத் தொடவே இல்லை. மனதில் இருந்த படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். நல்ல வளைவு, ஒரே சூத்திரம், ஏறும் அல்லது இறங்கும் என்று அந்தப் படம் சொல்லும்.

ஆசிரியர்களே அப்படி என்றால் படிவம் 4 பிள்ளையைக் கோபிக்க என்ன இருக்கிறது? கணித மேதைகளே நூறு ஆண்டுக்கு மேல் இந்த இடத்தில்தான் தடுமாறினார்கள். லைப்னிட்ஸ் 1673இல் 'ஃபங்ஷன்' என்ற சொல்லைக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கொண்டுவந்தார். 1718இல் யோகான் பெர்னூலி அதற்கு ஒரு வரையறை கொடுத்தார். அவருடைய மாணவர் ஆய்லர் 1748இல், மாறியையும் எண்களையும் கொண்டு எழுதப்படும் ஒரு கோவைதான் சார்பு என்றார். அதாவது, சூத்திரம் இருந்தால் சார்பு. என் வகுப்பின் பின் வரிசைப் பையன் சொல்வதும் அதேதான்.

அப்போது தந்தி வாத்தியம் குறுக்கே வந்தது. தம்பூராவின் தந்தியை நடுவில் விரலால் இழுத்துப் பிடித்தால் அது கூரை போல இரண்டு நேர்க்கோடுகளாக நிற்கும். விட்டால் அதிரும். அந்தத் தொடக்க வடிவம் ஒரு சார்பா? இடப்பக்கத்துக்கு ஒரு சூத்திரம், வலப்பக்கத்துக்கு வேறு சூத்திரம். 1747இல் அதிரும் தந்திக்கான சமன்பாட்டைத் தீர்த்த தலம்பேர், முழுத் தந்திக்கும் ஒரே கோவை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கையால் இழுத்துவிட்ட எந்த வடிவமும் செல்லும் என்றார் ஆய்லர். 1753இல் தானியல் பெர்னூலி, எந்த வடிவமானாலும் அலைகளைக் கூட்டி எழுதிவிடலாம் என்று மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டார். சண்டை பல ஆண்டு நீண்டது.

சண்டையின் நடுவே 1755இல் ஆய்லர் தன் வரையறையை மாற்றினார். ஓர் அளவு மாறும்போது அதைச் சார்ந்து மாறுகிற இன்னோர் அளவு, அதுவே சார்பு என்றார். தமிழில் 'சார்பு' என்று பெயர் வைத்தவர்கள் மனதிலும் ஏறத்தாழ இதுதான் இருந்திருக்கும் போலிருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லே ஒய் = 4 என்ற இடத்தில் காலை வாரிவிடும். எக்ஸ் எப்படி மாறினாலும் ஒய் அசையாது. எதையும் சாராத ஒன்று எப்படிச் சார்பாகும்? மொழி தெரிந்த பிள்ளை இப்படித்தான் கேட்கும், கேட்பதும் நியாயம். எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் 3 ரிங்கிட் என்று எழுதிவைத்த கார் நிறுத்துமிடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு? 3. ஐந்து மணி நேரம்? 3. நேரத்தைச் சொன்னால் கட்டணம் தெரிந்துவிடுகிறது. போதும்.

கடைசியில் ஜெர்மானியர் டிரிஷ்லே வந்துதான் முடிச்சை அவிழ்த்தார். 1837இல் அவர் சொன்னது: ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய் இருந்தால் சரி, முழுத் தூரத்துக்கும் ஒரே விதி வேண்டியதில்லை, சூத்திரமே வேண்டியதில்லை. அதற்கு எட்டு ஆண்டு முன்பே, பின்னமாக எழுதக்கூடிய எண் என்றால் ஒரு விடை, எழுதமுடியாத எண் என்றால் வேறு விடை என்று ஒரு சார்பைக் காட்டியிருந்தார். அதை யாராலும் வரைந்து காட்ட முடியாது. மனப்படத்தை நம்பியவர்களுக்கு அது ஒரு நல்ல அடி.

டிரிஷ்லேயின் இந்த வரியைப் பிள்ளைகள் மொழிக்குக் கொண்டுவரத்தான் நான் ஒரு கேள்வியைப் பிடித்து வைத்திருக்கிறேன்: இதைச் சொன்னால் அது தெரிந்துவிடுமா? சூத்திரம் உண்டா, வளைவு அழகா, கோடு உடைந்ததா என்பதெல்லாம் வேண்டாம். இதைச் சொன்னால் அது தெரிந்துவிடுமா? 'இது' எது, 'அது' எது என்று சுட்டிக்காட்டாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது என்பதுதான் இந்தக் கேள்வியின் பலம். சார்பா என்பதை ஒரு படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பக்கம் நின்று கேட்கிறோம் என்பதும் விடையில் பாதி.

அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கம். எண்ணைச் சொன்னால் ஆள் தெரியும், ஆளைச் சொன்னால் எண் தெரியும். இரண்டு பக்கமும் ஓடும் வழி. கடைசி இலக்கத்தைச் சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியும், ஒற்றைப்படை ஆண், இரட்டைப்படை பெண். பெண் என்று சொன்னால் கடைசி இலக்கம் தெரியுமா? தெரியாது. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதைச் சொன்னால் பிறந்தநாள் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். முன் வரிசையில் ஒரு பெண் மட்டும், "25ன்னு ஆரம்பிச்சா 1925ஆ, 2025ஆ டீச்சர்?" என்றாள். அன்று பாடம் அவள் நடத்தினாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

செம்பனைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் செம்பனையை விட்டுவிட்டு எதையும் எழுத முடியாது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இங்கேதான், 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இப்போது பெஸ்தாரி ஜெயா. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். தென்னமரத்தில் செம்பனை நட்ட கதை இது. செம்பனையைச் சுமார் 25 ஆண்டில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்தக் கணக்கில் நூறு ஆண்டுக்கு நான்கு தலைமுறை மரங்கள்.

ஒரு மரத்தின் வாழ்க்கை ஒரு நல்ல வளைவு. நட்டு ஏறக்குறைய மூன்றாம் ஆண்டு காய்ப்புக்கு வரும், பத்தாம் ஆண்டை ஒட்டி உச்சம், சில ஆண்டு அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கும். மரம் உயர்ந்து குலை வெட்டுவதும் சிரமமாகும். பாடத்துக்காக நானே முழு எண்களாக்கிக்கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. வயது 3 என்றால் ஹெக்டருக்கு 8 டன், 5 என்றால் 18, 10 என்றால் 27, 15 என்றால் 26, 20 என்றால் 21, 24 என்றால் 18. வயதைச் சொன்னால் விளைச்சல் தெரியுமா? தெரியும். விளைச்சல் 18 டன் என்று சொன்னால் வயது தெரியுமா? வாலிபமும் 18 டன், வயோதிகமும் 18 டன். தெரியாது.

வளைவை வரைந்து, அடியளவுகோலை நெட்டாக நிறுத்தி இடமிருந்து வலம் நகர்த்துவது புத்தகம் சொல்லும் சோதனை. மலாயில் காரிஸ் மென்சஞ்சாங், தமிழில் குத்துக்கோட்டுச் சோதனை. கோடு வளைவை ஒரு தடவைக்கு மேல் எங்கும் வெட்டாவிட்டால் சார்பு. அளவுகோலை நகர்த்தப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள். ஒருநாள் வேண்டுமென்றே விளைச்சலைப் படுக்கை அச்சிலும் வயதை நெட்டு அச்சிலும் போட்டு, 'வயதைச் சொன்னால் விளைச்சல் தெரியுமா?' என்று மேலே எழுதிவைத்தேன். முக்கால் வகுப்பு அளவுகோலை எடுத்தது, இரண்டு இடத்தில் வெட்டுகிறது என்றது, சார்பு இல்லை என்றது. அட்டவணை அதேதான், மரமும் அதேதான். படத்தைத் திருப்பியதும் தீர்ப்பு திரும்பிவிட்டது. குத்துக்கோடு என்பது 'இந்த ஒரு எக்ஸைச் சொன்னேன், எத்தனை ஒய் வருகிறது?' என்று கேட்கும் கேள்வியின் உருவம். கேள்வி மறந்துபோனால் அளவுகோல் வெறும் மரத்துண்டு.

இந்த அட்டவணையைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பனாரிடம் காட்டினேன். சிரித்தார். பத்து வயது மரம் எல்லாம் 27 டன் தருமா? உரம் விடுபட்ட பகுதி, நீர் தேங்கும் பகுதி, வறட்சி பார்த்த பகுதி எல்லாம் ஒரே மாதிரி காய்க்குமா? அவர் சொன்னது சரி. ஒரு தோட்டத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே படத்தில் புள்ளி வைத்தால் பத்து வயதுக்கு நேரே பல புள்ளிகள் நிற்கும். வயதிலிருந்து விளைச்சலுக்குச் சார்பு இல்லை. இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சராசரி எடுத்துவிடுவது; பத்து வயதுப் பகுதிகளின் சராசரி ஓர் எண்தான், எனவே சார்பு கிடைத்துவிடும், உண்மையின் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்து. மற்றது மெட்ரோலாக் வழி. ஒரே 'இது'வுக்கு இரண்டு 'அது' வந்தால், நாம் சொல்லாமல் விட்ட இன்னொரு 'இது' எங்கோ ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது. உரமா, மழையா, மண்ணா? விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் செய்யும் வேலையில் பாதி இந்தத் தேடல்தான். மெட்ரோலாக்கே இதற்கு விலக்கல்ல. பாலின் வெப்பம் மாறினால் அடர்த்தி மாறும், அமிழும் ஆழமும் மாறும். கிராணியின் குழாயும் ஓர் 'இது'வை விழுங்கிக்கொண்டுதான் பேசியது. அத்தைக்கு அன்று இது தெரிந்திருந்தால் சண்டை இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

கடலிலும் இதே கதைதான். கோல சிலாங்கூர் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். காலை 10 மணிக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று கேட்டால் ஜெரம் மீனவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். எந்த நாள் 10 மணி? ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், ஏனென்றால் சந்திரனும் தள்ளிப்போகிறது. மணி மட்டும் போதாது, தேதியும் வேண்டும். இரண்டையும் சொன்னால் அலை அட்டவணை ஒரே ஓர் எண்ணைக் கொடுக்கும். சசாரானுக்கு எதிரே கடல் நடுவில் தலைகாட்டும் மணல்திட்டு, சுற்றுலாக்காரர்கள் ஸ்கை மிரர் என்று படம்பிடிக்கப் போகும் இடம், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில் மட்டும் வெளியே வரும், அப்போதுதான் வற்றம் மிக ஆழமாக இருக்கும். திட்டு தெரிகிறது என்று சொன்னால் அமாவாசை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பாதி வாய்ப்புப் பௌர்ணமிக்கு.

உடைந்த கோட்டுக்கு மின்கட்டணப் பில். 2014 முதல் 2025 ஜூன் வரை வீட்டு மின்கட்டணம் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென், அதற்கு மேல் 600 வரை 51.60 சென் என்று படிப்படியாக ஏறியது. 350 யூனிட்டுக்கு எவ்வளவு? 43.60, அதோடு 33.40, அதோடு 25.80. வரி, கழிவு எல்லாம் தள்ளி 102.80 ரிங்கிட். சூத்திரம் மூன்று, ஆனால் யூனிட்டைச் சொன்னால் பில் ஒன்றுதான். ஆகவே ஒரே சார்பு, மூன்று துண்டாகத் தைத்தது. பில்லின் கீழ்ப்பகுதியில் இன்னொரு சுவாரஸ்யம். அப்போது குறைந்தபட்சக் கட்டணம் 3 ரிங்கிட். பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் 3, 13 யூனிட் எரித்த வீட்டுக்கும் 3. பலர் வந்து ஒரே இடத்தில் சேரும் அம்பு, படத்தின் தொடக்கத்தில் படுத்துக்கிடக்கும் சின்னக் கோடு.

என் கேள்வியிலும் ஒரு ஓட்டை உண்டு, மறைக்கக் கூடாது. 'தெரிந்துவிடுமா' என்றால் யாருக்கு? பை என்ற எண்ணின் தசமத்தில் கோடி கோடி கோடியாவது இடத்தில் உள்ள இலக்கம் என்ன? இன்று உலகில் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே 0 முதல் 9 வரை ஏதோ ஓர் இலக்கம், ஒன்றே ஒன்று, இருக்கிறது. அது சார்புதான். நமக்குத் தெரிகிறதா என்பது வேறு, விடை ஒன்றுதானா என்பது வேறு. கெட்டிக்காரப் பிள்ளை இந்த இடத்தில் கட்டாயம் மடக்கும். மடக்கும்போது இதைச் சொல்ல வேண்டும், அதற்கு முன் சொன்னால் மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை நான்கைந்து பேரைக் கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிப்போனேன். சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள், டீரோப்டிக்ஸ் டெனர் என்ற இனம், ஒரே தாளத்தில் விநாடிக்கு மூன்று முறை அளவில் மின்னும். துடுப்புப் படகு, மோட்டார் சத்தம் கிடையாது. பேசக்கூடாது என்று படகோட்டி மலாயில் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"டீச்சர், பூச்சியச் சொன்னா மரம் தெரியும். ஒரு பூச்சி ஒரே மரத்துலதான இருக்கும். ஃபுங்சி" என்றான் ஒருவன்.

"மரத்தச் சொன்னா பூச்சி தெரியாது" என்றாள் அவனுக்குப் பின்னால் இருந்தவள்.

"அதான் எனக்கும் தெரியுமே."

"பறந்துகிட்டு இருக்கிற பூச்சி எந்த மரம்?"

படகு சற்று நேரம் அமைதியாகப் போனது. "உக்காந்திருக்கிறத மட்டும் எடுத்துக்கலாம் டீச்சர். டொமேன சின்னதாக்கிட்டா சரியாயிடும்" என்றான். நல்ல பதில். நான் தலையாட்டுவதற்குள் ஒரு மின்மினி இந்த மரத்தை விட்டுக் கிளம்பி அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தது.

"இப்ப?" என்றாள் அவள். "அதே பூச்சி. ரெண்டு மரம்."

"எத்தன மணிக்குன்னும் சேத்துச் சொல்லணும்."

"டியாம், டியாம்" என்றார் படகோட்டி.